சம்பந்தி வீட்டுப் பாத்தி

நகரத்தின் விளிம்பில் எல்லோருக்கும் அவள் எருக்காரம்மா. ஆட்டுப்பட்டிகளில் புழுக்கை வாங்கி, வெயிலில் உலர்த்தி, சாக்கில் கட்டி, மூன்று சக்கர வண்டியில் போட்டு வீட்டுத் தோட்டங்களுக்கு விற்றாள். கணவன் போன பிறகு மகளைப் படிக்கவைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அந்த வண்டிதான். வாய் கொஞ்சம் நீளம். "என் எருவப் போட்டா கல்லுகூடத் துளிர்க்கும்" என்பாள்.

மகள் வாழ்க்கைப்பட்டது வசதியான வீடு. சம்பந்தியம்மா ஓய்வுபெற்ற நர்ஸ், அளந்து பேசுகிறவர். வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டு, எருக்காரம்மா நல்ல எருவாகப் பார்த்து எடுத்துப்போய் அவருடைய கத்தரிப் பாத்திகளில் தன் கையாலேயே கொட்டினாள்.

மழை விட்டதும் கத்தரிக்கு நடுவே தொட்டாற்சிணுங்கி மாதிரி இலையோடு கன்றுகள் எழுந்தன. பார்க்க அழகாக இருந்ததால் சம்பந்தியம்மா விட்டுவைத்தார். முள் தெரிந்ததும் தரையோடு வெட்டினார். வெட்டிய இடத்தில் ஒன்று நாலாகக் கிளைத்தது. ஒருநாள் செருப்பில்லாமல் இறங்கியபோது முள் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. பாதம் வீங்கிப் படுத்துவிட்டார்.

செய்தி கேட்டு எருக்காரம்மா ஓடினாள். மகள் அவளை நேராகப் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினாள்.

"இது சீமைக்கருவேலம்மா. உன் எருவுல வந்திருக்கு."

"என் எருவுலயா? காக்கா எச்சம் போட்டிருக்கும். பக்கத்து மனை சும்மாதான கெடக்கு?"

"பக்கத்து மனையில சிமென்ட் போட்டுக் கார் நிறுத்துறாங்க."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கட்டிலிலிருந்து சம்பந்தியம்மாவின் குரல் வந்தது. "விடும்மா. காக்காவாத்தான் இருக்கும்."

எருக்காரம்மாவுக்கு அங்கே நிற்க முடியவில்லை. அவர் காலைப் பார்க்காமலேயே, ஏதோ வேலை என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள்.

அவளுக்குத் தெரியாததல்ல. மண்ணைப் பிடிக்கும், விறகாகும் என்று யாரோ எங்கோ பாலைவனத்திலிருந்து கொண்டுவந்து விட்ட மரம் அது. கோடையில் புல் கருகும்போது அதன் மஞ்சள் நெற்றுகள்தான் ஆடுகளுக்குத் தீனி. இனிப்பான சதை செரித்துவிடும். கெட்டியான விதை வயிற்றில் ஊறி, முளைக்கத் தயாராகப் புழுக்கையோடு விழும். வீட்டில் ஒரு பிடி எருவை நனைத்துச் சாக்கால் மூடி வைத்தாள். சில நாளில் திறந்தபோது அதே இலை.

போன வருஷம் ஒரு டீச்சர் இதையே சொல்லிக் குறைப்பட்டார். "செடி வளக்கத் தெரியலன்னா எருவக் குத்தம் சொல்லக்கூடாது டீச்சர்" என்று தெருவே கேட்கச் சொல்லியிருந்தாள். நினைத்தபோது காது சுட்டது. அதன்பின் அந்தத் தெரு வழியாக வண்டியை விடவில்லை, சுற்றிப் போனாள்.

வெகுநாள் தள்ளிப்போட்டுவிட்டு, கடைசியில் கடப்பாரையும் அரிவாளுமாகச் சம்பந்தி வீட்டுக்குப் போனாள். இந்த மரம் தலையைத் தூக்கும் முன்பே தண்ணீரைத் தேடி வேரை இறக்கிவிடும். மேலே முழங்கால் உயரக் கன்று. கீழே கை நீளம் தோண்டியும் வேர் போய்க்கொண்டே இருந்தது. துளிர் கிளம்பும் கழுத்துக்குக் கீழே அறுத்தால்தான் சாகும். மண்ணில் குப்புறப் படுத்து அறுத்தாள். கால்கட்டோடு சம்பந்தியம்மா வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"காக்கா இல்ல சம்பந்தி," என்றாள், தலையைத் தூக்காமல். "நான்தான் கொண்டுவந்து கொட்டுனேன். தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

"தெரியும்," என்றார் அவர். "அன்னிக்கே சொல்லியிருந்தா வேரு இவ்வளவு எறங்கியிருக்காது."

எருக்காரம்மா அடுத்த கன்றுக்கு நகர்ந்தாள்.

இப்போதெல்லாம் எருவை நனைத்துக் குவித்துச் சூடேற விடுகிறாள். பெரும்பாலான விதைகள் அதில் வெந்துவிடுகின்றன. தப்பித்து முளைப்பதைப் பிடுங்கிய பிறகுதான் விற்கிறாள். டீச்சர் வீட்டுக்கும் போய் உண்மையைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார், எரு வாங்கவில்லை. சம்பந்தியம்மாவுக்குக் கால் ஆறிவிட்டது, ஆனால் நடையில் லேசான சாய்வு தங்கிவிட்டது. மகள் கூப்பிட்டால் எருக்காரம்மா போகிறாள். முன்னறை நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அவர் நடந்து வரும்போது மட்டும் சுவரைப் பார்த்துக்கொள்கிறாள்.