ஆடிக் காற்றில் நின்ற படகு மோட்டார்

பத்திரிகைக்கு எழுதும் அளவுக்கு நான் படித்தவன் இல்லை. பத்தாம் வகுப்போடு சரி. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன். நான் எழுத வந்ததே அதிகப்படிதான், பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் யாரிடமும் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

போன வருடம் ஆடி மாதம், வைகை அணை நீர்த்தேக்கத்தில் நடந்தது இது. அல்லிநகரத்தில் எனக்கு மொபெட் பழுது பார்க்கும் சின்னக் கடை. மருந்து தெளிக்கிற பம்பு, மண்ணெண்ணெய் இன்ஜின் என்று எது வந்தாலும் பார்ப்பேன். அந்த மாதம் உடம்பு ரொம்ப அசந்துபோயிருந்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை. காற்று வேறு நாள் முழுக்க மண்ணை வாரிக் கண்ணில் போட்டது. ஷட்டரை இறக்கிவிட்டுப் படுத்தால் போதும் என்றிருந்த ஒரு மத்தியானம், ஒரு கணவனும் மனைவியும் சாக்கு மூட்டையோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

மூட்டைக்குள் படகின் பின்னால் மாட்டுகிற மோட்டார் இருந்தது. மிகப் பழையது. கடற்கரைப் பக்கம் யாரோ கழித்துப் போட்டதை வாங்கி வந்திருக்கிறார்கள். இருவரும் அணையில் மீன் பிடிக்கிறவர்கள். கணவருக்குத் தோள் எலும்பு முறிந்து, கை கழுத்தில் தொங்கியது. இனிமேல் துடுப்புப் போடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம்.

"இது ஓடுச்சுன்னா நான் ஒருத்தியே வலைக்குப் போயிட்டு வந்துருவேண்ணே" என்றார் அந்த அம்மா. "ஓடலைன்னா உத்தமபாளையத்துல எங்க அக்கா வீட்டுல இருந்துக்கிட்டு, ஏலத்தோட்டத்துக் கூலி வேலைக்கு ஜீப்புல ஏற வேண்டியதுதான். அவுக இங்கன தனியாக் கெடக்கணும்."

"கெடந்தா என்ன, நிம்மதியாத் தூங்குவேன்" என்றார் கணவர். சொன்னவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

படகு மோட்டாரை நான் அதுவரை தொட்டதில்லை. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. கார்புரேட்டர் எல்லாம் ஒன்றுதானே என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

பிரித்தால், பழைய பெட்ரோலும் ஆயிலும் காய்ந்து வெல்லப்பாகு மாதிரி ஒட்டியிருந்தது. பெட்ரோல் வருகிற சின்னத் துளையான ஜெட்டைக் கழற்றித் தின்னரில் ஊறப்போட்டுக் காற்றடித்தேன். மிதவையின் உயரத்தைச் சரிசெய்தேன். கசியாமல் இருக்க நடுவில் வைக்கிற கேஸ்கட் இந்தப் பக்கம் எங்கும் கிடைக்காததால், கேஸ்கட் தாளை வைத்து ஓரத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டி நானே வெட்டினேன். பலகையில் மாட்டி, தண்ணீர் நிரப்பிய நீல டிரம்மில் இறக்கிக் கயிற்றை இழுத்தேன். ஓடியது. பெட்ரோலும் காற்றும் கலக்கிற அளவைச் சரிசெய்யும் ஸ்லோ ஸ்குருவை மொபெட்டுக்கு வைக்கிற மாதிரியே வைத்து முடித்தேன்.

மோட்டாரை அணைக் கரைக்குக் கொண்டுபோய்ப் படகில் மாட்டிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறுவதாகத்தான் எண்ணம். "ஏறுங்கண்ணே, ஒரு சுத்து ஓட்டிக் காட்டிட்டுப் போங்க" என்றார் அந்த அம்மா. எனக்கு நீச்சல் தெரியாது. அதைச் சொல்லவும் கூச்சப்பட்டுக்கொண்டு ஏறிவிட்டேன். கணவர் கரையில் நின்றுகொண்டார்.

கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போனது. வேகம் கூட்டியதும் இருமி நின்றது. கயிற்றை இழுத்தால் ஓடுகிறது, கியர் போட்டால் நின்றுவிடுகிறது. டிரம்மில் நான் கியரே போட்டுப் பார்க்கவில்லை. அதற்குள் மேற்கிலிருந்து அடித்த மேல்காற்று படகை அணையின் கருங்கல் சரிவுப் பக்கம் தள்ள ஆரம்பித்தது. அங்கே அலை மோதும் சத்தம் கேட்டது. அந்த அம்மா இரண்டு கையாலும் துடுப்புப் போட்டும் படகு பின்னால்தான் போனது.

பெட்ரோல் போதவில்லை என்று மட்டும் புரிந்தது. ஸ்குருவை உள்ளே திருப்பினேன். என் கடைக்கு வருகிற மொபெட்டில் அப்படித்தான். உள்ளே போனால் காற்று குறைந்து பெட்ரோல் கூடும். ஆனால் இப்போது கயிறு இழுத்தால்கூட இன்ஜின் பிடிக்கவில்லை. இன்னும் உள்ளே திருப்பினேன்.

"பதறாதீகண்ணே" என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே. "கல்லு இன்னும் தூரமாத்தான் இருக்கு."

தூரமாக இல்லை. எனக்கே தெரிந்தது.

அப்போதுதான் அந்த ஸ்குரு இருக்கும் இடத்தைப் பார்த்தேன். கார்புரேட்டரில் காற்று நுழையும் வாய்ப்பக்கம் இல்லை, இன்ஜின் பக்கம் இருந்தது. அப்படியானால் அது காற்றை அளக்கிறது இல்லை, பெட்ரோலை அளக்கிறது. வெளியே திருப்பினால்தான் பெட்ரோல் கூடும். கடையில் கையில் வைத்து எத்தனை தடவை புரட்டியிருப்பேன். கண்ணில் படவே இல்லை.

வெளியே திருப்பிக் கயிற்றை இழுத்தேன். இன்ஜின் பிடித்தது. ஆனால் கியரில் ஓடும்போதே சரியாக வைக்க வேண்டும். ஸ்குரு இருந்ததோ பக்கவாட்டில். நின்றிருந்தபோது மோட்டாரை என் பக்கம் திருப்பிவைத்து எட்டினேன்; ஓடும்போது அது நேராக நிற்க வேண்டும், படகுக்கு வெளியே பாதி உடம்பைச் சாய்த்தால்தான் எட்டும். தயங்கினேன்.

"என்னண்ணே?"

"நீச்சல் தெரியாதும்மா."

"இத இப்பத்தான் சொல்றீகளா?"

அடுத்த நொடி துடுப்பை உள்ளே போட்டுவிட்டு வந்து, என் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்தார். "சாயுங்க. நல்லவேளை வேட்டி கட்டிட்டு வரல."

சாய்ந்து, ஒரு கையால் கியரைப் போட்டு, மறு கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். இருமல் நின்றது. சத்தம் சீரானது. படகு கல்லை விட்டு விலகித் திரும்பியது.

கரையில் கணவர், "அங்கன ஏன் நின்னுச்சு?" என்று கேட்டார்.

"நாந்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றார் அந்த அம்மா. "அண்ணன் அணையப் பக்கத்துல பாத்ததே இல்லையாம்."

நான் குனிந்து ஸ்பேனர்களைப் பையில் போட்டேன்.

அந்தப் படகு கல்லில் மோதியிருந்தால் அவர்களுக்கு வேறு படகு இல்லை. அது தெரிந்தும், நான் தண்ணீரில் விழக் கூடாதென்று துடுப்பை விட்டார். இன்றைக்கும் அசதியோடு ஸ்குரு டிரைவரை எடுக்கும்போது, இடுப்பில் அந்தப் பிடி இருக்கிற மாதிரியே இருக்கிறது.

அணைக்குப் போய் வந்த மறுநாள் காலை கடை திறந்தேன், ஒரு மொபெட் வந்தது. அந்த அம்மா தனியாகவே வலைக்குப் போய் வந்ததாக மத்தியானம் அவர் கணவர் போனில் சொன்னார்.