கிண்ணத்தின் பின் சுவர்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவரை எல்லோரும் பிரேக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியில் ஏறினால் அவர் வாயில் வருகிற முதல் வார்த்தை 'பிரேக்'தான். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதலில் பானெட்டைத் திறந்து காட்டுவார். உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாமல் எதையும் தொடுவது அவருக்குப் பிடிக்காது.

அன்று ஓட்டப் பழகிக்கொண்டிருந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டார். பிரேக்கக்கா சுதாரிப்பதற்குள் கார் நின்றிருந்த லாரியில் மோதியது. டேஷ்போர்டு நசுங்கி வந்து, பக்கத்து இருக்கையில் இருந்த பிரேக்கக்காவின் முட்டியில் இடித்தது. ஆசிரியைக்கு ஒரு கீறல்கூட இல்லை. பிரேக்கக்காவின் வலது கால் மட்டும் உள்பக்கமாகத் திரும்பி, குட்டையாகிக் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் மயக்கம் கொடுத்து, இடுப்பிலிருந்து நழுவியிருந்த தொடை எலும்பை இழுத்து இடத்தில் சேர்த்தார். ஸ்கேன் எடுத்தபின், அறுவை சிகிச்சையும் வேண்டியிருக்கும் என்றார்.

"இடிச்சது முட்டியில. முட்டி நல்லாத்தான் இருக்கு. இடுப்பு எப்படி டாக்டர் உடைஞ்சுது?"

வலியைப் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்த டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மடக்கிய தன் முட்டியை உள்ளங்கையால் தட்டிக் காட்டினார். "நீங்க இப்படி உக்காந்திருந்தீங்க. இடி தொடை எலும்பு வழியா நேரா பின்னாடி போயிருக்கு. அந்த எலும்போட தலை பந்து மாதிரி. இடுப்புல ஒரு கிண்ணத்துக்குள்ள உக்காந்து சுத்தும். அது கிண்ணத்தோட பின் சுவர உடைச்சிட்டு வெளிய வந்துடுச்சு."

மறுநாள் டாக்டர் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் எலும்போடு வந்தார். பிரேக்கக்காவின் ஸ்கேனை வைத்து நிஜ அளவிலேயே செய்தது. உலோகத் தகட்டை எப்படி வளைப்பது என்று அதில் வைத்துப் பார்த்துக்கொள்வாராம். பிரேக்கக்கா அதை வாங்கி, உடைந்த ஓரத்தில் விரலை ஓட்டினார்.

தையல்காரரான அவருடைய கணவர் அப்போதுதான் காபியோடு உள்ளே வந்தார். "இது என்னது?"

"என் இடுப்பு."

அவர் காபியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தன வருஷமா எனக்கு இடுப்பளவு எடுக்கறீங்க. உள்ள இருக்கிறதையும் ஒரு தடவ பாத்துக்கோங்க" என்றார் பிரேக்கக்கா.

இடுப்பின் பின்பக்கம் கிழித்து, உடைந்த எலும்புச் சில்லுகளைப் பொருத்தி, தகடும் திருகும் போட வேண்டும். காலுக்குப் போகும் பெரிய நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது. அதற்கு அடிபட்டால் பாதம் தூக்க வராமல் போகலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். அதைக் கேட்டதும் பிரேக்கக்கா தன் வலது பாதத்தை ஒருமுறை தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

அறுவை சிகிச்சையின்போது விழித்திருந்து எல்லாவற்றையும் கேட்க ஆசைப்பட்டார். மயக்க மருந்து டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "ரொம்ப நேரம் ஆகும்மா, தூங்கிடுங்க."

"சரி, தூங்கறேன். ஆனா எழுந்ததும் நடந்தத ஒண்ணு விடாம சொல்லணும்."

அவர் கண் விழித்ததும் எலும்பு டாக்டர் முதலில் பாதத்தைத் தூக்கச் சொன்னார். பிரேக்கக்கா மெதுவாகத் தூக்கினார். கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

"இப்ப சொல்லுங்க."

"மாடல்ல சரியாத் தெரியாத ஒண்ணு இருந்துது. கிண்ணத்தோட வழவழப்பான உள்பக்கம் ஒரு இடத்துல உள்ள அமுங்கிப் போயிருந்துது. அத அப்படியே விட்டா மேடு பள்ளத்துல பந்து உரசி மூட்டே தேஞ்சிடும். நெம்பி மேல தூக்கினோம். அடியில குழி விழுந்துது. அத அடைக்க பக்கத்து எலும்புல இருந்தே கொஞ்சம் எடுத்தோம்."

"என் குழிக்கு என் எலும்பேவா?"

"உங்களோடதுதான்."

பிரேக்கக்கா போர்வைக்கு மேல் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அதன்பின் வாரக்கணக்கில் அந்தக் காலை ஊன்றவே கூடாது என்று உத்தரவு. கணவர் தையல் மெஷினைக் கட்டிலருகே கொண்டுவந்து போட்டுக்கொண்டார். ஆசிரியை ஒருநாள் வந்து அழுதார். "அழுகைய நிறுத்துங்க. கால் ஏன் மாறிப் போச்சு, அதச் சொல்லுங்க" என்று கேட்டு, செருப்பு பெடலில் நழுவியதைப் பொறுமையாகத் தெரிந்துகொண்டார் பிரேக்கக்கா.

வாக்கரை விட்டுவிட்டு முழு எடையும் ஊன்றிய நாளில், இடுப்புக்குள் ஏதாவது சத்தம் கேட்குமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டார். கேட்கவில்லை. அடுத்த காலை எடுத்து வைத்தார்.

இப்போது பயிற்சிப் பள்ளிக்குத் திரும்பிவிட்டார். சாயங்காலமானால் லேசாகச் சாய்ந்து நடப்பார். போன முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வயதானபின் செயற்கை மூட்டு தேவைப்பட்டாலும் படலாம் என்றார் டாக்டர்.

"அது எப்படி இருக்கும்? ஒண்ணு இருந்தா காட்டுங்களேன்."

டாக்டர் எழுந்து அலமாரியைத் திறந்தார். கணவர் வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.