நான்கும் பட்டால் ஐந்தாவது இடப்பக்கம்

மா பியோங்சிக் மின்விசிறி ரிப்பேர் செய்பவர். எங்கள் கடலோர ஊரான பொல்கியோவின் சந்தையில், சிப்பிக் கடைகளுக்குப் பின்னால் அவருடைய கடை. காரணம் இல்லாமல் எந்தப் பொருளும் கெடாது என்பது அவர் கட்சி. "சத்தம் வருதுன்னா அதுக்குன்னு ஒரு இடம் இருக்கும், அந்த இடத்தைப் புடிச்சா போதும்" என்பார். அப்படிப்பட்டவருக்கு, நான்கு வருஷமாகத் தன் ஐந்தாவது அம்பு ஏன் இடப்பக்கம் போகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. அதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். மறைப்பானேன்.

நான் யோ மால்சுன். குன்றின் மேலே இருக்கும் வில் மைதானத்தில் கொடி பிடிக்கிறவள். நூற்று நாற்பத்தைந்து மீட்டருக்கு அப்பால் நின்று எய்கிறவருக்கு அம்பு பட்டதா இல்லையா என்று சரியாகத் தெரியாது. இலக்குப் பலகைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் நிற்கும் நான்தான் சொல்ல வேண்டும். பட்டால் கொடியை வட்டமாகச் சுற்றுவேன். தவறினால் எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம் காட்டுவேன். எனக்கு முன்னால் அந்தக் கொடியைப் பிடித்தவர் என் வீட்டுக்காரர், தாக் இன்மான்.

எங்களுக்கு ஒரு சுற்று என்றால் ஐந்து அம்பு. ஒருவருக்கு வாழ்க்கையில் முதன்முறையாக ஐந்தும் பட்டுவிட்டால் மைதானத்து மண்டபச் சுவரில் மரத்தில் செய்த ஒரு பெயர்ப்பட்டை ஏறும். பெயர், தேதி, அதற்குக் கீழே கொடி பிடித்தவர் பெயர். கொடிக்காரர் சாட்சி இல்லாமல் பட்டை கிடையாது. பியோங்சிக்கும் என் வீட்டுக்காரரும் ஒரே நாளில் மைதானத்தில் எய்யச் சேர்ந்தவர்கள், ஒட்டிப் பிறக்காத குறை. ஏழு வருஷமாகியும் இரண்டு பேர் பெயரும் சுவரில் ஏறவில்லை.

எட்டாவது வருஷ வசந்தத்தில் அது நடந்தது. பலகை நடுவில் இருக்கும் சிவப்பு வட்டத்துக்கு அன்றுதான் புதுச்சாயம் பூசியிருந்தார்கள். கடற்சேற்றிலிருந்து மூடுபனி ஏறிக் கிடந்த காலை. மைதானத்தில் இவர்கள் இரண்டே பேர். பியோங்சிக்குக்கு நான்கும் பட்டது. ஐந்தாவதை விட்டார். 'டொக்' என்று கேட்டதாம். ஆனால் பனிக்குள்ளிருந்து என் வீட்டுக்காரரின் கொடி இடப்பக்கம் சாய்ந்தது. பட்ட அம்பு பலகையில் குத்தி நிற்காது, துள்ளி முன்னால் விழும். தேடிப் பார்த்தார்கள். அம்பே இல்லை.

பியோங்சிக் மண்டபத்தில் எல்லார் முன்னாலும் கத்தினார். "எனக்கு முன்னால அவன் பேரு ஏறணும். அதுக்காகப் பொய் சொல்றான், பொய்யன்."

என் வீட்டுக்காரர் கொடியைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தக் குளிர்காலத்தில் நெஞ்சுவலி வந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் பேச்சில்லாமல் கிடந்தார். இடது கையை மட்டும் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டே இருந்தார். வலியில் தூக்குகிறார் என்று நினைத்து மணிக்கட்டைப் பிடித்துப் போர்வைக்குள் வைப்பேன். மறுபடி தூக்குவார். நான் மறுபடி பிடித்து வைப்பேன்.

காரியம் முடிந்த மறுவாரமே போய்க் கொடியைக் கையில் வாங்கினேன். சேவை செய்ய ஒன்றும் போகவில்லை. என் புருஷனைப் பொய்யன் என்ற வாய்க்காரர் எய்யும் லட்சணத்தைப் பார்க்கத்தான் போனேன்.

பார்த்தேன். நான்கு அம்பும் பட்டால் ஐந்தாவது இடப்பக்கம் போய் ஜூனிப்பர் புதருக்கடியில், ஒரு தட்டைக் கல்லோரம் குத்தி நின்றது. நான்கில் ஒன்று தவறியிருந்தால் ஐந்தாவது ஒழுங்காகப் பலகைக்கு வந்தது. நான்கும் பட்டால்தான் கோளாறு.

மனிதர் சும்மா விடுவாரா. மூங்கில் தண்டு தளர்வாக இருந்தால் இடப்பக்கம் இழுக்கும் என்று விறைப்பான தண்டாகப் பொறுக்கினார். தங்கம் நிறுக்கிற தராசில் ஐந்தையும் நிறுத்தார். கரியடுப்பில் வாட்டி நிமிர்த்தினார். இறகை ஆவியில் காட்டிச் சீவினார். வில்லில் ஈரம் போகக் கூடுதலாக இரண்டு நாள் சூட்டுப் பெட்டியில் வைத்தார். அம்பின் வரிசையை மாற்றினார். அடுத்தவர் அம்பை ஐந்தாவதாக விட்டார். எல்லாம் அதே புதர்தான்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன் ஒரு நாள், அம்புகளைத் திருப்பிக் கொடுக்கும்போது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "தங்கச்சி, அந்த அம்பு குத்தின குழியைப் பாத்தியா நீ?"

"ஏன்?"

"ஒரே குழி. பதினோரு தடவையும் ஒரே குழி. நான் குறிபாத்து எய்தாலே ரெண்டு அம்பு அவ்ளோ கிட்ட விழாது. எவனாலயும் முடியாது. போன வாரம் வேணும்னே வலப்பக்கம் பாத்து விட்டேன். அப்பவும் அங்கதான்."

அன்றைக்கு மலையிறங்கும்போது ஒரு முறைகூட நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதன்பிறகு அந்தக் குழியிலிருந்து அம்பைப் பிடுங்கும்போதெல்லாம் அது உடனே வராது. கீழே யாரோ பிடித்திருந்து, யோசித்து, விடுவது போல வரும். பகலில், வெயிலில்கூட அப்படித்தான். எனக்குப் பயமாக இருந்தது. இருந்தாலும் வாய்திறந்து யாரிடமும் சொல்லவில்லை.

போன இலையுதிர் காலத்தில் பியோங்சிக்கின் தோளில் தசைநார் கிழிந்தது. திங்கட்கிழமை ஆபரேஷன், அதற்குப் பிறகு வில்லைத் தொடவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். அதற்கு முந்தின சனிக்கிழமை காலை பியோங்சிக் மைதானத்துக்கு வந்தார். ஒரு சுற்றுக்கு மேல் தோள் தாங்காது. பட்டை ஏறினால் இன்று, இல்லையென்றால் இல்லவே இல்லை. அன்றைக்கும் அதே மூடுபனி.

எங்கள் மைதானத்தில் அன்றைய முதல் அம்புக்கு முன் 'வில் கத்துக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். இருக்கிறவர்கள் 'நிறைய படட்டும்' என்பார்கள். மண்டபத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. அவர் குரல் மட்டும் பனிக்குள் வந்தது. நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்கு முன்னால், என் இடப்பக்கம், மிகவும் கிட்டத்தில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அந்தக் கனைப்போடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான்.

டொக். டொக். டொக். டொக். நான்கு முறை கொடியைச் சுற்றினேன். ஐந்தாவது வந்த சத்தம் கேட்டது. பலகையை நெருங்கியதும் அதன் இரைச்சல் திரும்பியது. என்னைத் தாண்டிப் புதருக்குள் போயிற்று.

போய்ப் பிடுங்கினேன். பதினெட்டாவது முறை. ஒரே இடத்தில் குத்திக் குத்தி மண் இளகிப் போயிருந்தது. அம்போடு தட்டைக் கல்லும் சரிந்து வந்தது. அடியில் ஒரு துணிப் பொட்டலம். ஓரம் மடித்துத் தைத்த வியர்வைத் துண்டு. தையல் என்னுடையது. உள்ளே ஒரு அம்பு. இறகை அந்து தின்றிருந்தது. தண்டில் எழுத்து அழியவில்லை: மா பியோங்சிக், ஐந்து. முனையில் சிவப்புச் சாயம் காய்ந்து ஒட்டியிருந்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கல்லை மறுபடி நகர்த்தி வைத்துவிட்டால் போதும். செத்தவர் மானம் மண்ணுக்கடியிலேயே இருக்கும். அப்படித்தான் நினைத்தேன். எழுந்து, கொடியை இடப்பக்கம் தூக்கப் போனேன்.

மணிக்கட்டை ஏதோ பிடித்தது. சில்லென்று, ஈரமாக. வலிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நான் அவர் கையைப் பிடித்துக் கீழே வைத்தேனே, அதே பிடி. மறுபடி தூக்கினேன். மறுபடி கீழே இறக்கிற்று. நான் அழுதேன். "சரி விடுங்க, சொல்லிடறேன்" என்றேன். பிடி விட்டது. கொடியை வட்டமாகச் சுற்றினேன்.

பழைய அம்போடும் துண்டோடும் மைதானத்தைக் கடந்து போவதற்குள் பியோங்சிக் எதிரே பாதி தூரம் வந்துவிட்டார்.

"ஏன் தங்கச்சி பொய்க்கொடி காட்டுற? எனக்குச் சத்தமே கேக்கலயே. பாவம் பாக்குறியா?"

"இன்னிக்கு அம்புக்கு இல்லண்ணே. இதுக்கு." நீட்டினேன்.

முனையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "இன்மான் பனியில சரியா பாத்திருக்க மாட்டான். துள்ளிப் போய்ப் புதர்ல விழுந்திருக்கும்" என்றார்.

துண்டை நான் அதுவரை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தேன். அதையும் கொடுத்தேன். "இல்லண்ணே. சுத்தி ஒளிச்சு வச்சிருந்தாரு. நீங்க சொன்னதுதான் நெசம்."

அவர் துண்டை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார். என்னோடு புதர்வரை வந்து கல்லைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், குனிந்து கும்பிட்டார்.

ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் பட்டை எழுத மண்டபத்தில் கூடினோம். தூரிகை என் கையில். பெயர் எழுதினேன். நான்கு வருஷத்துக்கு முந்தைய தேதியை எழுதினேன். கொடி பிடித்தவர் இடத்துக்கு வந்ததும் என் பெயரின் முதல் எழுத்தைத் தொடங்கப் போனேன்.

"அவன் பேரை எழுது" என்றார் பியோங்சிக், கட்டுப்போட்ட தோளோடு.

"அவரா? அண்ணே, அவரு இடப்பக்கம்னுல்ல காட்டினாரு."

"அன்னிக்குக் கொடி அவன் கையிலதான் இருந்துச்சு. அவன்தான் பாத்தான், இப்ப அவன்தான் எடுத்துக் காட்டினான். வாய் வர நாலு வருஷம் ஆயிருக்கு, அவ்வளவுதான்."

தாக் இன்மான் என்று எழுதினேன். சாயம் காயும்வரை இரண்டு பேரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.