முடிச்சு தாத்தா கொண்டுபோன காலிப் பெட்டி

எங்கள் பார்சல் ஆபீஸில் அவருக்கு முடிச்சு என்றுதான் பெயர். முப்பத்தெட்டு வருஷம் மூட்டை கட்டியவர். அவர் கட்டிய பெட்டி லாரியிலிருந்து விழுந்தால் பெட்டி உடையும், கட்டு அவிழாது. நான் அங்கே எடை போட்டுக்கொண்டிருந்தவன். அவர் ரிட்டயர் ஆனதும் விட்டது சனி என்று நினைத்தேன். மனுஷன் என் பக்கத்து அறைக்கே குடிவந்துவிட்டார்.

போன வருஷம் நடுவில் தொண்டையில் ஆபரேஷன் செய்தார்கள். உயிர் தப்பியது, குரல் போயிற்று. இப்போது வாயைத் திறந்தால் தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல ஒரு சத்தத்தில்தான் பேச்சு வரும், பழகிய எனக்குப் புரியும். அந்தக் கிறிஸ்துமஸுக்கு மகள் வீட்டுக்குப் போய், நாலு வயதுப் பேத்தியை ஆசையாகக் "கண்ணு" என்று கூப்பிட்டிருக்கிறார். குழந்தை அலறிக்கொண்டு ஓடிக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. அதற்குப் பிறகு மகள் போனில் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: "கொஞ்ச நாள் போகட்டும்பா. தூக்கத்துலகூட பயந்து அழறா." கொஞ்ச நாள், கொஞ்ச நாள் என்று ஒரு வருஷம் ஓடிவிட்டது.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு மகளே வரச் சொன்னாள். ஜனவரியில் குடும்பத்தோடு வெளிநாடு போகிறார்கள். இனி எப்போது வருவார்களோ, அதுவரை இவர் இருப்பாரோ. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: பேத்தி ஒரு தடவையாவது பயப்படாமல் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும்.

"என்னண்ணே வாங்கப்போறீங்க?" என்று கேட்டேன். பென்ஷன் பூராவும் மருந்துக்குப் போகிறது என்று தெரிந்தேதான் கேட்டேன்.

"கடைப் பொம்மை அங்க குமிஞ்சு கிடக்கு தம்பி. வாங்கிக்கிட்டு ஓடிடும். என்கிட்ட வரவைக்கிற மாதிரி ஏதாவது வேணும்."

இருபது நாள் உட்கார்ந்து நாலு நிற நூலை முறுக்கி ஒரு கயிறு செய்தார். மெழுகுவத்தியைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினார். இரண்டு முனையையும் பிரித்து ஒன்றோடொன்று பின்னி, முடிச்சே இல்லாத வளையமாக்கினார். ஒருவர் விரல்களில் மாட்டிக்கொள்ள, இன்னொருவர் தன் விரலால் எடுத்து, ஏணி, வலை, கட்டில் என்று உருவம் மாற்றி விளையாடுவார்களே, அதற்கான வளையம். அந்த விளையாட்டுக்குப் பேச்சு வேண்டாம், இரண்டு ஜோடிக் கை போதும். அதையே ஓர் அட்டைப்பெட்டிமேல் சுற்றித் தன் கட்டைப் போட்டார். ஒரே இழுப்பில் அவிழும். எங்கே இழுப்பது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

பெட்டிக்குள் ஒன்றும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு சாக்லேட்டாவது வைங்கண்ணே. வெறும் பெட்டியையா குடுப்பாங்க?"

"வெச்சா அதை எடுத்துக்கிட்டுப் போயிடும். இதை அதால அவிழ்க்க முடியாது, என்கிட்டதான் வந்தாகணும். நான் இழுத்ததும் கயிறு கைக்கு வந்துடும். அப்புறம் பெட்டியை யாரு பாக்கப்போறாங்க?"

பார்சல் ஆபீஸில் கயிற்றை யாரும் அறுக்க மாட்டார்கள். அறுத்தால் வசவு விழும். அதே கயிறு அடுத்த மூட்டைக்கு வேண்டும். ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நம்பிவிட்டார். நானும்தான் அதை யோசிக்கவில்லை.

நடக்கும்போது தடுமாறுவார் என்று மகள் வீட்டுக்கு நானும் துணைக்குப் போனேன். ஹாலில் சம்பந்திகள் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் பெட்டியை நீட்டினார். குழந்தை வாங்கவில்லை, தரையில் வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். வைத்துவிட்டு அவர் நாற்காலிக்குத் திரும்பிய பிறகுதான் வந்து எடுத்தாள்.

முடிச்சை நோண்டினாள். நகத்தால் கீறினாள். பல்லால் கடித்துப் பார்த்தாள். அசையவில்லை. பெரியவர் நாற்காலி நுனிக்கு வந்து இரண்டு கையையும் லேசாக நீட்டிக்கொண்டிருந்தார். குழந்தை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"இருடா செல்லம், அப்பா பிரிச்சுத் தர்றேன்."

மாப்பிள்ளை கத்தரிக்கோலோடு வந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் அந்த நிமிஷம் அவரை ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. "நிறுத்துங்க!" என்று நான் எழுவதற்குள் நாலு வெட்டு விழுந்துவிட்டது.

"உள்ள ஒண்ணுமே இல்ல," என்று குழந்தை பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள். சோபாவில் யாரோ சிரித்தார்கள். மகளின் முகம் சுண்டிப்போயிற்று.

"என்னப்பா, வைக்க மறந்துட்டீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். குழந்தையைப் பார்த்தார். மூடிக்கொண்டார். கயிறுதான் பரிசு என்று நான் சொன்னேன். எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது.

அவர் மண்டியிட்டுத் துண்டுகளைப் பொறுக்கினார். ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுச் சேர்த்தார். விரல்களில் மாட்டிக் கைகளை விரித்தார். வழுக்கி ஓட வேண்டிய கயிறு முடிச்சுக்கு முடிச்சு மாட்டி நின்றது. இழுத்தார், இறுகியது. இன்னும் இழுத்தார். பத்து விரலும் சிக்கி, நுனியெல்லாம் சிவந்துவிட்டன. மனுஷன் விடவில்லை.

"போதும்பா, விட்டுடுங்க," என்று மகள் அழுதாள்.

"தாத்தா கை மாட்டிக்கிச்சு," என்றாள் குழந்தை. பெரியவர்கள் ஒருவரும் அசையவில்லை. அவளே வந்தாள். அவர் முன்னால் உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, சுண்டு விரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள். அவள் நெற்றி அவர் மோவாயில் இடித்தது. அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார்.

"வலிக்குதா தாத்தா?"

அவளிடம் என்னென்ன பேச வேண்டும் என்று ஒரு வருஷமாக என்னிடம் சொல்லிச் சொல்லிக் காதைப் புண்ணாக்கியவர் அவர். உதட்டை இறுக மூடிக்கொண்டு, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.