கிள்ள முடியாத தூரம்

கணக்கு டீச்சர் இரண்டு நாற்காலிகளையும் சன்னலைப் பார்க்கத் திருப்பிப் போடுகிறார். ஒன்றில் தானே உட்கார்ந்து, பக்கவாட்டில் கையை நீட்டி, அடுத்த நாற்காலி எட்டுகிறதா என்று பார்க்கிறார். எட்டினால் எழுந்து, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுகிறார். “கிள்ள முடியாத தூரம் இருக்கணும். முணுமுணுத்தா காதுல விழற தூரமாவும் இருக்கணும்” என்பது அவர் கணக்கு.

சண்டை போட்ட பிள்ளைகளை எதிரெதிரே உட்காரவைப்பது அவருக்கு ஆகாது. “மூஞ்சியப் பாத்தா கோவம் ஏறும். சன்னலையே பாத்துக்கிட்டிருந்தா கழுத்து வலிக்கும். வலிச்சா தானாத் திரும்புவாங்க.” பிரம்பால் ஆகாத காரியம் கழுத்துவலியால் ஆகியிருக்கிறது. ஒருநாள் வாசலில் குரைத்துக்கொண்டிருந்த தெருநாய்கள் இரண்டு உள்ளே வந்து, ஆளுக்கொரு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, சமாதானமாக வெளியே போனதை நான் பார்த்தேன். நம்பாதவர்கள் நாய்களையே கேட்டுக்கொள்ளலாம்.

சட்டம் ஒன்றுதான். தன் கோபத்தைச் சொல்லக் கூடாது. அடுத்தவர் கோபத்தைத்தான் சொல்ல வேண்டும். “உன் கோவம் எங்கயும் ஓடிடாது, பத்திரமா இருக்கும். மொதல்ல அவளோடதச் சொல்லு.” சொன்னது சரிதான் என்று அடுத்தவர் தலையாட்டும்வரை டீச்சர் விடமாட்டார்.

வியாழக்கிழமை மாலையில் அதே அறையில் ‘வீட்டுக்கு ஒரு சேதி’ தயாராகும். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போகும் ஒற்றைத் தாள். ஓய்வு பெற்ற தமிழ் டீச்சர் என்ற உரிமையில் பிழை திருத்த நானும் போய் உட்காருவேன். தேர்வுத் தேதி, பெற்றோர் கூட்டம், காணாமற்போன தண்ணீர் பாட்டில் எல்லாம் அதில் உண்டு. கடைசியில் ‘இந்த வாரச் சண்டை’ என்றொரு கட்டம், பெயர் இருக்காது. “எட்டாம் வகுப்பில் ஓர் அளவுகோல் இரண்டாக உடைந்தது. இப்போது இருவரிடமும் ஆளுக்கொரு பாதி இருக்கிறது. கோடு போட இருவரும் சேர்ந்துதான் உட்கார வேண்டும்.” அப்பாக்கள் மதிப்பெண் செய்தியை விட்டுவிட்டு இதைத்தான் முதலில் படிக்கிறார்களாம்.

ஊர்ச் சண்டையைத் தீர்க்கிற டீச்சருக்குச் சொந்தமாகவும் ஒன்று இருந்தது, பி.டி. சாரோடு. அவர் விசில் ஊதினால் மரத்துக் காக்கைகளும் வரிசையில் நிற்கும். பின்தங்கிய ஒரு காக்கை திட்டு வாங்கியதற்கு நானே சாட்சி. தொடர் ஓட்டத்தில் பிள்ளைகள் வென்றதைப் பற்றி அவர் சேதித் தாளுக்கு எழுதிக் கொடுத்தார். ஓட்டம் முடிய ஒரு நிமிடம். கட்டுரையைப் படித்து முடிக்க ஒரு மதியம். டீச்சர் அதை “நம் அணி வென்றது” என்று வெட்டிவிட்டு, மீதி இடத்தைத் தண்ணீர் பாட்டில்களுக்குக் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து ஆசிரியர் அறையில் இருவரும் பீரோ வழியாகத்தான் பேசினார்கள். “கணக்கு வகுப்ப நேரத்துக்கு விடச் சொல்லு” என்பார் சார், பீரோவிடம். “முடியாதுன்னு சொல்லு” என்பார் டீச்சர், அதே பீரோவிடம். கால் முளைத்திருந்தால் அது வேலையை விட்டே ஓடியிருக்கும்.

போன வாரம் பயிற்சியில் தொடர் ஓட்டக் கோல் கைமாறும்போது கீழே விழுந்தது. கொடுத்தவள் குட்டை, வாங்க வேண்டியவள் நெட்டை. நெட்டை முன்னதாகவே ஓடிவிட்டாள் என்றாள் குட்டை. குட்டைக்கு ‘ஓட்டைக் கை’ என்று பெயர் வைத்து வகுப்பெல்லாம் பரப்பினாள் நெட்டை. பேச்சு நின்றது. சனிக்கிழமை அடுத்த போட்டி. பி.டி. சார் பீரோவிடம் சொல்லிவிட்டார்: “அதுங்க ரெண்டும் வெள்ளிக்கிழமைக்குள்ள பேசலன்னா அணியே போகாது. அந்த நாற்காலியில உக்கார வெக்கச் சொல்லு.”

வியாழக்கிழமை இரண்டும் சன்னலைப் பார்த்து உட்கார்ந்தன.

“சொல்லும்மா, அவளுக்கு என்ன கோவம்?”

நெட்டை சன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்: “டீச்சர், பி.டி. சாருக்கு என்ன கோவம்?”

“அதென்ன பேச்சு?”

“ஆமா டீச்சர்” என்றாள் குட்டை, அவளும் சன்னலைப் பார்த்தே. “நீங்க மொதல்ல சொல்லுங்க. அப்புறம் நாங்க சொல்றோம்.”

“தாள்ல எடம் இல்லம்மா. வேறென்ன?”

“அது உங்க நியாயம் டீச்சர். அவரோட கோவம்?”

நான் அவசரமாக ஒரு காற்புள்ளியைத் தேடத் தொடங்கினேன். டீச்சருக்குக் காது சிவந்தது. பிறகு, “எந்திரிங்கடி ரெண்டு பேரும்” என்றார். கைக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு நடந்தார், பின்னாலேயே தாளும் கையுமாக நானும். அங்கே பி.டி. சார் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நாற்காலிகள் மைதானத்தைப் பார்த்து அமர்ந்தன. இடைவெளியை டீச்சர் அளக்கவில்லை.

“உக்காருங்க சார்.”

அவர் பீரோவைத் தேடினார். வராந்தாவில் ஏது பீரோ? வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்.

டீச்சர் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “உங்க கோவம் என்னன்னா சார், பிள்ளைங்க மூச்சு முட்ட ஓடி ஜெயிச்சாங்க. அத அவங்க வீட்டுல படிக்கணும்னு உக்காந்து எழுதினீங்க. நான் ஒரு வரிய வெச்சிக்கிட்டு, மிச்ச எடத்தத் தண்ணி பாட்டிலுக்குக் குடுத்துட்டேன். சரியாச் சொன்னேனா?”

பந்து உஸ்ஸென்றது. “பாட்டில் மூடிக்கும் குடுத்தீங்க” என்றார் சார்.

“ஆமா. மூடிக்கும் குடுத்தேன்.”

மெல்ல அவர் தலை ஆடியது.

எனக்குப் பின்னால் சன்னல் கம்பியில் இரண்டு முகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

“ஏய், ஆட்டிட்டாருடி!”

“தள்ளுடி, உன் தலைதான் எனக்குத் தெரியுது!”

டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. “இப்ப என் கோவத்த நீங்க சொல்லுங்க சார்” என்றபடி பக்கவாட்டில் கையை நீட்டிப் பார்த்தார். சாரின் நாற்காலி எட்டவில்லை. எழுந்து, தன் நாற்காலியைக் கிள்ளுகிற தூரத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.