பெட்டிக்குள் பூட்டிய காது

என் மகளை எதிரில் வைத்துக்கொண்டே எல்லோரும் எதை வேண்டுமானாலும் பேசினார்கள். அவளுக்குத்தான் காது கேட்காதே என்ற தைரியம். என் நாத்தனார் அவளை மடியில் உட்கார வைத்து, தலையைத் தடவிக்கொண்டே, "நாளைக்கு இத யாரு கட்டிக்கினு போவான்?" என்று கேட்டாள். குழந்தை அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். சரி, மூட வேண்டாம். என் பெண்ணின் காதில் அது விழட்டும், அப்புறம் பேசுகிறார்களா பார்க்கலாம் என்று அன்றைக்கே மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

எங்கள் ஊர் ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய குடிபாலாவுக்குப் பக்கம். கணவருக்குச் சித்தூரில் மாம்பழக்கூழ் கம்பெனியில் வேலை. இரண்டு வயதாகியும் குழந்தை ஒரு வார்த்தை பேசவில்லை என்று நான் சொன்னபோதெல்லாம், "அவங்க நைனாவும் லேட்டாத்தான் பேசுனான், சும்மா இரு" என்று என் கணவரைக் காட்டிச் சொன்னார்கள். நானும் கொஞ்ச நாள் சும்மா இருந்தேன். ஒருநாள் அடுப்பில் குக்கர் விசிலடித்தது. திடீரென்று வந்த சத்தத்தில் நானே துள்ளிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து கிண்ணத்தை உருட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த வாரமே அவளைத் தூக்கிக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினேன்.

திருப்பதியில் பரிசோதனை செய்து, இரண்டு காதிலும் மிகக் குறைவாகத்தான் கேட்கிறது என்றார்கள். காதுக்கு அச்செடுத்து அனுப்பி, சில வாரம் கழித்து மெஷின் பொருத்தினார்கள். நாத்தனார் அப்படிப் பேசியது அந்த இடைவெளியில்தான். சிவப்புப் புள்ளி வைத்தது வலது காதுக்கு, நீலம் இடதுக்கு. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் என்னைவிடச் சின்னவள். ஆனால் கண்டிப்பு என்றால் அப்படியொரு கண்டிப்பு. "தூங்கறப்பவும் குளிக்கறப்பவும் தவிர இதக் கழட்டவே கூடாதுக்கா. மூளை சத்தத்தப் பழகிக்கிற வயசு இது. இந்த வயசு போனா திரும்பி வராது" என்றாள். மெஷினைப் போட்டதும் குழந்தை அழுதாள். தன் அழுகையைத் தானே கேட்டுச் சட்டென்று நிறுத்தினாள். பிறகு இன்னும் கொஞ்சம் அழுது பார்த்தாள். நான் அங்கேயே உட்கார்ந்து சிரித்தும் அழுதும் தீர்த்தேன்.

அதன் பிறகு என் வாய் ஓயவில்லை. வெங்காயம் உரித்தால் வெங்காயத்தைப் பற்றிப் பேசினேன், துணி துவைத்தால் சோப்பு நுரையைப் பற்றிப் பேசினேன். எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். சொல்லிக்கொள்ளட்டும். மாமரத்தடியில் ஒருநாள் அவள் மேலே கையைக் காட்டி "காக்கா" என்றாள். கம்பெனியிலிருந்து வந்த அவள் நைனாவிடம் அதை மறுபடியும் சொல்லிக் காட்டினாள். அப்புறம் "தா", "வா", "போ" எல்லாம் வந்தது. அதிலும் "போ"தான் அதிகம்.

மூன்று வயதானதும் ஊர் அங்கன்வாடியில் சேர்த்தேன். மற்றப் பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவில் இருந்தால் பேச்சு சீக்கிரம் வரும் என்று திருப்பதியில் சொல்லியிருந்தார்கள். டீச்சரம்மா மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொண்டார். நல்ல மனுஷி. பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக் கொடுப்பதிலும் மூக்கு துடைத்து விடுவதிலும் பெற்றவளுக்கு ஒரு படி மேல். ஆனால் மாதங்கள் போயும், "வீட்ல பேசுறாளா? இங்க கூப்ட்டா திரும்பிக்கூடப் பாக்கமாட்றாளேம்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் குழப்பமாக இருந்தது. வீட்டில் கதவு தட்டும் சத்தத்துக்கு ஓடுகிறவள் அங்கே மட்டும் எப்படி மரமாக உட்கார்ந்திருப்பாள்?

ஒரு மாதம் சூப்பர்வைசர் மேடம் பார்வையிட வந்தார். தெலுங்குக்காரர். குழந்தைக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்திருக்கிறார். இவள் அசையவே இல்லையாம். என்னைக் கூப்பிட்டு அனுப்பி, "இங்க வெச்சிக்கினு என்ன லாபம்மா? திருப்பதியில ஆஸ்டலோட ஸ்பெஷல் ஸ்கூல் இருக்கு. அடுத்த மாசம் வரும்போது முடிவு பண்ணிடலாம்" என்று தமிழும் தெலுங்குமாகச் சொன்னார். அந்தப் பள்ளியை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். நல்ல பள்ளி. பிள்ளைகள் கைச்சாடையிலேயே சண்டை போட்டு, கையாலேயே சமாதானமும் ஆனார்கள். என் மகளுக்கு அதுதான் வேண்டுமென்று ஒருநாள் தெரிந்தால் நானே கொண்டுபோய் விடுவேன். ஆனால் வீட்டில் பேசுகிற மூன்று வயதுக் குழந்தையை, இங்கே பேசவில்லை என்பதற்காக ஆஸ்டலில் விட்டுவிட்டு வர நான் தயாராக இல்லை. இங்கே ஏதோ சரியில்லை. அதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

அது தானாகவே பிடிபட்டது. ஒரு மத்தியானம் அவளை அழைத்துக்கொண்டு வரும்போது காதுக்குள்ளிருந்து கீச்சென்று விசில் சத்தம். பார்த்தால், சிவப்புப் புள்ளி இடது காதில் இருக்கிறது, நீலம் வலது காதில். பக்கம் மாறினால் அச்சு பொருந்தாமல் இப்படித்தான் கத்தும். காலையில் நான் சரியாகத்தான் மாட்டி அனுப்பினேன். அப்படியென்றால் நடுவில் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டு வேளைக்கு முன்பே போய் நின்றேன். டீச்சரம்மா பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கைதட்டி ஆடினார்கள். என் மகள் சுவரோரம் உட்கார்ந்து அவர்கள் வாயசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு காதும் வெறுமையாக இருந்தன.

"மெஷின் எங்க டீச்சரம்மா?"

அவர் கொஞ்சம்கூடத் தயங்காமல் இடுப்புச் சாவியை எடுத்து பீரோவைத் திறந்தார். ஒரு எவர்சில்வர் டப்பா. அதற்குள் பிள்ளைகளின் கம்மல், கொலுசு, அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்து. அவற்றோடு ஒரு துணியில் பத்திரமாகச் சுற்றி, என் மகளின் காது.

"எல்லாத்தையும் வந்ததும் கழட்டி வெச்சிடுவேம்மா. போறப்ப மாட்டி அனுப்பிடுவேன். ஒண்ணும் ஆவாது, பயப்படாதீங்க" என்றார். எனக்கு நல்லது செய்திருக்கிற முகத்தோடு சொன்னார்!

நான் கத்தினேன். கத்தினேன் என்றால், பிள்ளைகள் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "இது நகையா? இன்னா டீச்சரம்மா இது! காலையிலர்ந்து அவளுக்கு ஒண்ணுமே கேக்கல. கேக்காத புள்ள எப்டி திரும்பிப் பாக்கும்?"

டீச்சரம்மா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார். பல வருஷத்துக்கு முன்னால் வேறு ஊரில் வேலை பார்த்தபோது, ஒரு குழந்தையின் தங்கக் கம்மல் காணாமல் போய்விட்டது. பழி இவர்மேல். ஊர் கூடி, காணிப்பாக்கம் போய்ப் பிரமாணம் செய் என்றார்கள். அங்கே பிள்ளையாருக்கு முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் பிழைக்கமாட்டான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. குளத்தில் முழுகி, ஈரப்புடவையோடு, ஊரார் சுற்றி நிற்க, நான் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்திருக்கிறார். "அன்னைக்கி நின்ன நிலைய இன்னைக்கும் மறக்கல. கம்மலுக்கே அப்டின்னா, இந்த மெஷினு தொலஞ்சா நான் இன்னாம்மா பண்ணுவேன்?"

சூடு கண்ட பூனை. என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியை நான் இறக்கவில்லை.

"தொலஞ்சா நான் உங்களக் கேக்கமாட்டேன்" என்றேன்.

"இப்ப சொல்லுவீங்க. வாய்வார்த்தைக்கு இன்னாம்மா இருக்கு?"

"வாய்வார்த்தை வாணாமா? அப்போ வாங்க காணிப்பாக்கம்" என்றேன்.

அன்று சாயந்திரம் கணவர், "நெஜமாவே தொலஞ்சிட்டா?" என்று கேட்டார். "பொட்டியில பூட்டி வெச்சிருக்கிற வரைக்கும் அது தொலஞ்சதுதான்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை அவரே என்னையும் டீச்சரம்மாவையும் பஸ் பார்த்து ஏற்றிவிட்டு, குழந்தையைத் தான் வைத்துக்கொண்டார்.

காணிப்பாக்கத்தில் வழக்கம்போல் கூட்டம். குளத்தில் முழுகி எழுந்து, நானும் டீச்சரம்மாவும் ஈரத்தோடு போய் நின்றோம். பிரமாணம் என்றதும் அர்ச்சகர், "என்ன தொலைஞ்சுது?" என்று கேட்டார். "இன்னும் ஒண்ணும் தொலையல சாமி. தொலையறதுக்கு முன்னாடியே வந்துட்டோம்" என்றேன். அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். டீச்சரம்மாவுக்கு அந்த இடத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது. முன்பு அழுதுகொண்டு நின்ற இடமாம் அது.

மெஷின் உடைந்தாலும் தொலைந்தாலும் டீச்சரம்மாமேல் பழி சொல்லமாட்டேன் என்று நான் சத்தியம் செய்தேன். குழந்தை விழித்திருக்கும்போது காதிலிருந்து கழற்றமாட்டேன் என்று அவர் சத்தியம் செய்தார். பிள்ளையார் இதற்கு முன் இப்படியொரு வழக்கைக் கேட்டிருப்பாரா, தெரியாது.

திங்கள்கிழமை முதல் மெஷின் காதிலேயே இருந்தது. மற்றப் பிள்ளைகள் பிடித்து இழுப்பார்கள் என்று டீச்சரம்மா பயந்தார். எல்லோரையும் உட்கார வைத்து, மெஷினைக் கையில் மூடிப் பிடித்து விசிலடிக்க வைத்துக் காட்டினேன். ஆளுக்கு ஒருமுறை கேட்டதும் ஆசை தீர்ந்துபோயிற்று. ஒருநாள் விளையாடும்போது மணலில் விழத்தான் செய்தது. "பாப்பா காது கீழ உழுந்துச்சி டீச்சரு!" என்று நாலைந்து பிள்ளைகள் ஒரே குரலில் கத்தி, போட்டி போட்டுக்கொண்டு தேடி எடுத்துக் கொடுத்தார்கள். டீச்சரம்மா மணலை ஊதித் துடைத்து, சிவப்பு எந்தப் பக்கம் என்று தனக்குள் சொல்லிப் பார்த்து, மாட்டிவிட்டார். என்னிடம் அதை மறுநாள்தான் சொன்னார். நான் ஒன்றும் கேட்கவில்லை. சத்தியம் சத்தியம்தானே.

முதலில் அவள் பாட்டுக்குக் கைதட்டினாள். அப்புறம் தட்டு கழுவும் சத்தம் கேட்டதும் சாப்பாட்டுக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள். தெலுங்குப் பிள்ளைகளிடமிருந்து "நாதி" என்று பொம்மையைப் பிடுங்கிக்கொள்ளவும் கற்றாள். என்னுடையது என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இனி என்ன கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

மேடம் சொன்னபடி அடுத்த மாதம் வந்தார். டீச்சரம்மா ஆள் அனுப்பி என்னை வரவழைத்தார். பிள்ளைகள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள், நடுவில் என் மகள். டீச்சரம்மா எழுந்து, "மேடம், தப்பு என்னுதுதான்" என்று ஆரம்பித்தார். மேடம் கேட்கிற நிலையில் இல்லை. அவருக்கு அடுத்த ஊருக்குப் போகிற அவசரம்.

"ஈ பாப்பாக்கி ஏமீ வினபடது கதா" என்றார் தெலுங்கில். இந்தப் பாப்பாவுக்குத்தான் ஒன்றும் கேட்காதே என்று. ஊரே சொன்ன அதே வார்த்தை. அதே தைரியம்.

கட்டை அடுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். பாப்பா என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுகிறோம். முழுசாகத் திரும்பி, யார் தன்னைக் கூப்பிட்டது என்று எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு மேடத்தின் முகத்தில் கண்ணை நிறுத்தி, கட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நாதி" என்றாள்.

மேடம் குரலைத் தாழ்த்தி, ரகசியம்போல டீச்சரம்மாவிடம் ஏதோ கேட்க வாயெடுத்தார்.

"மெதுவாப் பேச வாணாம் மேடம், பாத்துப் பேசுங்க" என்றேன். "அவளுக்குக் கேக்குது."