காய்ந்த தொட்டியிலிருந்து

நான் குழாய் வேலை செய்கிறவன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக என் பிழைப்பு. கதை கட்டத் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அதுவும் பட்டப்பகலில் நடந்தது.

அக்காவுக்குப் புற்றுநோய். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். படுக்கையில் விழுந்த பிறகு இயேசுவைப் பிடித்துக்கொண்டாள். சபையில் தண்ணீரில் மூழ்கி ஞானஸ்நானம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. ஒரு மணி நேரம் போய்வர டாக்டரும் சம்மதித்துவிட்டார். ஆனால் சபையின் ஞானஸ்நானத் தொட்டி ஒழுகியது.

"நீதான்டா சரி பண்ணணும்" என்றாள்.

எனக்கு அவள் சாமி மேல் கோபம். "உனக்கு இந்த நோயக் கொடுத்தவருக்கு நான் தொட்டி வேற கட்டித் தரணுமா?"

அவள் சிரித்தாள். "தண்ணிக்குள்ள போறது சாகிற மாதிரிடா தம்பி. அது எனக்குப் பழகிடுச்சு. வெளிய ஏறி வர்றதுதான் விஷயம்."

இன்றைக்கு, நாளைக்கு என்று சாக்குச் சொல்லியே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கடத்தினேன். அதற்குள் அவளால் எழுந்து உட்காரவும் முடியாமல் போனது. பேச்சும் நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுநாளே, வியாழக்கிழமை மதியம், கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

போதகர் கதவைத் திறந்துவிட்டு அக்காவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனார். உள்ளே நான் மட்டும். தெருநாய் நுழைந்துவிடுமே என்று கதவை உள்பக்கம் தாழிட்டேன்.

மேடைக்குப் பின்னால் தொட்டி. ஓடு பதித்தது, இடுப்பளவு ஆழம். இறங்க ஒரு பக்கம் நான்கு படி, ஏற மறுபக்கம் நான்கு படி. வடிகுழாய் இணைப்பில்தான் ஒழுக்கு. வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். பசை காய ஒரு ராத்திரி ஆகும். அதுவரை சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. மெயின் வால்வை இறுக்கி மூடினேன்.

மணி 4.05. பின்பக்க அறையில் வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

தொபுக்...

நிறைந்த தொட்டியில் ஆள் மூழ்கும் சத்தம்.

"யாருங்க அது? தண்ணி விடாதீங்க!"



பிறகு ஒரு மூச்சு. ரொம்ப நேரம் தண்ணீருக்குள் இருந்தவர்கள் மேலே வந்ததும் இழுப்பார்களே... அந்த மூச்சு.

ஓடினேன்.

தொட்டி காய்ந்து கிடந்தது. குனிந்து தடவினேன். தூசிதான் கையில் ஒட்டியது.

ஆனால் ஏறும் படிகளில்... ஈரப் பாதம். சின்னப் பாதம். நான்கு படியிலும்.

இறங்கும் படிகளில் ஒன்றுகூட இல்லை.

தடம் பெஞ்சுகளுக்கு நடுவே கதவு வரை போயிருந்தது.

தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

4.11. போன் அடித்தது. திரையில் 'அக்கா'.

"அக்கா...?"

"நர்ஸ் பேசுறேண்ணா. அக்கா தவறிட்டாங்க. சீக்கிரம் வாங்க."

ஆஸ்பத்திரி வராந்தாவில் போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். "திடீர்னு எழுந்து உக்காந்தாங்க தம்பி. யாரும் பிடிக்கல. 'தம்பி வேலைய முடிச்சிட்டான்'னு தெளிவா சொன்னாங்க. அப்படியே சாஞ்சுட்டாங்க."

"எத்தனை மணிக்கு?"

"நாலு மணி அஞ்சு நிமிஷம் இருக்கும்."

சுவரில் சாய்ந்து அழுதேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை... வெறும் சாக்குச் சொல்லி.

நர்ஸ் தயங்கித் தயங்கி வந்தாள்.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும். அக்காவுக்குத் துணி மாத்தினேன். படுக்கை காஞ்சுதான் இருந்துச்சு. போர்வையும் காஞ்சிருந்துச்சு. உடம்புல இருந்த கவுன் மட்டும்..."

"கவுனுக்கு என்ன?"

"பிழிஞ்சேன். அரை வாளி தண்ணி வந்துச்சுண்ணா."